மூளையின் எந்தப் பகுதியில் எந்த நொதி மரபணு? அளக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நரம்பியல் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கையில் ஒரு சமிக்ஞை நொதியின் மரபணு இருக்கிறது. மூளையின் எந்தப் பகுதியில் அது எவ்வளவு வெளிப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கியூபிசிஆர் போதுமா, ஒற்றை உட்கரு சீக்வென்சிங் செய்தே ஆக வேண்டுமா, மூளை வெட்டுகளில் நேரடியாகப் பார்ப்பதா?" (சமிக்ஞை நொதி என்றால் செல்லுக்குள் செய்தி கடத்துவதில் பங்கேற்கும் நொதி. மரபணு வெளிப்படும்போது அதிலிருந்து எழுதப்படும் தூது நகல்தான் எம்ஆர்என்ஏ. கியூபிசிஆர் அந்த நகல்களைப் பெருக்கி அளக்கிறது; ஒற்றை உட்கரு சீக்வென்சிங் ஒவ்வொரு செல்லின் உட்கருவில் உள்ளவற்றையும் தனித்தனியாகப் படிக்கிறது.) கேட்பவர் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு ஆலோசனைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் "பழைய முறையே போதும்" என்றிருப்பார். இன்னொருவர் "இந்தக் காலத்தில் ஒற்றை செல் தரவு இல்லாமல் யார் ஏற்றுக்கொள்வார்கள்?" என்று பயமுறுத்தியிருப்பார்.

இரண்டு பேச்சையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் ஒரு நொதியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

பிடிஇ10ஏ. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி, சைக்ளிக் ஜிஎம்பி என்ற இரண்டு தூது மூலக்கூறுகளையும் உடைத்து அணைக்கும் நொதி. 1999-இல் அடையாளம் காணப்பட்டது. எலி மூளையின் இரண்டு வெட்டுகளை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எம்ஆர்என்ஏவைச் சாயமேற்றியிருக்கிறோம், மற்றதில் புரதத்தை. எம்ஆர்என்ஏ வெட்டில் ஸ்ட்ரையேட்டம் (மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் பகுதி) மட்டும் கருத்துக் கிடக்கும். அதன் பக்கத்திலேயே இருக்கும் குளோபஸ் பாலிடஸ் ஏறக்குறைய வெறுமை. புரத வெட்டிலோ ஸ்ட்ரையேட்டம், குளோபஸ் பாலிடஸ், இன்னும் பின்னால் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் ரெட்டிகுலேட்டா பகுதி மூன்றுமே கருத்திருக்கும். காரணம் எளிது. ஸ்ட்ரையேட்டத்தின் முக்கிய நியூரான் வகையான மீடியம் ஸ்பைனி நியூரான்களின் செல் உடலில் எம்ஆர்என்ஏ இருக்கிறது. அங்கே உருவாகும் புரதம் ஆக்ஸான் என்ற நீண்ட இழை வழியாகப் பயணித்து, அந்த நியூரான்கள் போய்ச் சேரும் இடங்களில் உள்ள முனைகளுக்கும் போகிறது.

இப்போது "குளோபஸ் பாலிடஸில் பிடிஇ10ஏ இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன பதில்? எம்ஆர்என்ஏவை அளப்பவர் "இல்லை" என்பார். புரதத்தை அளப்பவர் "நிறைய இருக்கிறது" என்பார். இருவர் சொல்வதும் சரி. எந்த முறையும் எல்லாவற்றையும் காட்டாது; ஒவ்வொன்றுக்கும் கண் தெரியாத ஓர் இடம் உண்டு. எந்த முறைக்குப் பார்வை கூர்மை என்று தேடுவதைவிட, எந்த முறையின் குருட்டிடம் உங்கள் கேள்வியைத் தொடாமல் போகிறது என்று தேடுவதே என் வழி. கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தக் கோணத்தில்தான்.

## எவற்றை வைத்து எடை போடுவது

கேள்வி எது? "எங்கே" என்பது ஒரு கேள்வி. "எவ்வளவு மாறியது" என்பது வேறு கேள்வி. "எந்த வகைச் செல்லில்" என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே சோதனையில் கேட்க முயன்றால் மூன்றுக்கும் அரைகுறைப் பதில்தான் வரும்.

குடும்பத்தில் எத்தனை பேர்? சமிக்ஞை நொதிகளின் தனித்தன்மையே இதுதான். பாஸ்போடைஎஸ்டரேஸ்களில் 11 குடும்பங்கள், மனிதரில் 21 மரபணுக்கள். செல் சவ்வில் உள்ள அடினைலில் சைக்ளேஸ்கள் 9, கரையும் வகை ஒன்று. நெருங்கிய உறவுக்கார மரபணுக்களின் வரிசை ஒன்றுபோல இருக்கும். அதற்கு மேல், ஒரே மரபணுவின் எம்ஆர்என்ஏவே பல வடிவங்களாக வெட்டி ஒட்டப்படும். உங்கள் முறையால் அண்ணனையும் தம்பியையும் பிரித்தறிய முடியுமா?

எவ்வளவு சிறிய இடம்? "சிறுமூளை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பர்கின்ஜி செல்கள் ஒற்றை வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே கிரான்யூல் செல்கள் கோடிக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

மாதிரி எந்த நிலையில் இருக்கிறது? உடனே உறையவைத்த எலி மூளையா, ஃபார்மலினில் ஊறியதா, இறந்து பல மணி நேரம் கழித்து எடுத்த மனித மூளையா?

எத்தனை உயிர்கள், எத்தனை மாதங்கள்? இதில் பணத்தைவிட நேரத்தைத்தான் பலர் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். சோதனைக்கு இரண்டு வாரம், தரவை அலசுவதற்கு எட்டு மாதம் என்பதெல்லாம் சாதாரணமாக நடக்கிறது.

## ஏற்கெனவே இருக்கும் அட்லஸ்கள்

எதையும் செய்வதற்கு முன் ஒரு வாரம் இங்கே உட்காருங்கள். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அட்லஸில் ஏற்கெனவே இருக்கும் பதிலைக் கண்டுபிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆலன் எலி மூளை அட்லஸ் ஏறக்குறைய 20,000 மரபணுக்களை இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன் முறையில் (மூளை வெட்டிலேயே எம்ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொள்ளும் புரோப் என்ற துணை வரிசையால் அதன் இடத்தைக் காட்டும் முறை) படமெடுத்து வைத்திருக்கிறது. அது பற்றிய முதன்மைக் கட்டுரை 2007-இல் நேச்சர் இதழில் வந்தது. 56 நாள் வயதான ஆண் எலிகள், 25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள வெட்டுகள். பிடிஇ10ஏ என்று தேடினால் ஸ்ட்ரையேட்டத்தின் கருமை ஒரே நொடியில் கண்ணில் அறையும். ஆலன் மனித மூளை அட்லஸ் ஆறு கொடையாளர்களின் மூளைகளை மைக்ரோஅரேயில் (ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே சில்லில் அளக்கும் முறை) அளந்தது. ஜிடெக்ஸ் திட்டம் 13 வகை மூளைத் திசு மாதிரிகளை ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்தது. 2023-இல் வெளியான மனித மூளை ஒற்றை உட்கரு அட்லஸில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட உட்கருக்கள், நூறுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து. அதே ஆண்டில் வந்த முழு எலி மூளை அட்லஸ் செல்களை 5,322 கொத்துகளாகப் பிரித்தது. இத்தனையும் இலவசம்.

மறைந்திருக்கும் செலவு என்ன? எலி அட்லஸில் பெரும்பாலான மரபணுக்களுக்கு ஒரே ஒரு மூளையின் நெடுக்குவெட்டுத் தொடர்தான். குறுக்குவெட்டுத் தொடர் ஏறத்தாழ 4,000 மரபணுக்களுக்கு மட்டும். பெண் எலிகள் இல்லை. வெறுமையாகத் தெரியும் படம் "அந்த மரபணு இல்லை" என்பதற்கும் சாட்சி, "புரோப் வேலை செய்யவில்லை" என்பதற்கும் சாட்சி. மனித மைக்ரோஅரே அட்லஸின் ஆறு பேரில் நான்கு பேருக்கு இடப்பக்க மூளை மட்டுமே அளக்கப்பட்டது. அதை வைத்து இட-வல வேறுபாடு பேசுவது ஆபத்து. ஜிடெக்ஸின் 13-இல் புறணியும் சிறுமூளையும் இரண்டு முறை வருகின்றன. கொடையாளரிடமிருந்து திசு சேகரித்த இடத்திலேயே வெட்டியெடுத்தது ஒரு முறை, மூளையை மூளை வங்கிக்கு அனுப்பிய பிறகு அங்கே எடுத்து உறையவைத்தது இன்னொரு முறை. இதை அறியாமல் அவற்றை நான்கு தனித்தனிப் பகுதிகளாக எண்ணி வரைபடம் போடுபவர்கள் உண்டு. ஆனால் தெரிந்து பயன்படுத்தினால் இதே இரட்டிப்பு ஒரு வரம். பதப்படுத்தும் முறை மட்டும் மாறினால் உங்கள் மரபணுவின் அளவு எவ்வளவு ஆடுகிறது என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.

எப்போது இதுவே போதும்: உங்கள் கேள்வி "ஆரோக்கியமான முதிர்ந்த மூளையில் எங்கே" என்பதாக மட்டும் இருந்தால். நோய், மருந்து, அழுத்தம், வயது என்று ஏதாவது நுழைந்தால் அட்லஸ் தொடக்கப்புள்ளி மட்டுமே.

## பகுதியை வெட்டியெடுத்து கியூபிசிஆர்

பழைய குதிரைதான், ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிறது. இரண்டு மூன்று மரபணுக்கள், ஐந்தாறு பகுதிகள், பத்துப் பன்னிரண்டு விலங்குகள் என்றால் இதைவிடத் துல்லியமாக "எத்தனை மடங்கு" என்று சொல்ல வேறு எளிய வழி இல்லை. குறைவாக வெளிப்படும் மரபணுக்களையும் பிடித்துவிடும்.

இதன் தனிப்பலம் வடிவங்களைப் பிரிப்பது. பிஆர்கேசிஇசட் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நீளப் புரதகைனேஸ் சி-ஸீட்டாவும் (கைனேஸ் என்றால் மற்ற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் மூளையில், மரபணுவின் நடுவே இருக்கும் இன்னொரு புரோமோட்டரிலிருந்து (நகல் எழுதுவதைத் தொடங்கிவைக்கும் பகுதி) தொடங்கும் குட்டையான பிகேஎம்-ஸீட்டாதான் மேலோங்கி நிற்கிறது. இரண்டுக்கும் தொடக்கம் வேறு, முடிவு ஒன்று. முடிவுப்பக்கம் மட்டும் படிக்கும் எந்த முறையும் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லும். தொடக்கப்பக்கத்தில் பிரைமரை (எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று குறிக்கும் குட்டை டிஎன்ஏ துண்டு) வைத்தால் கியூபிசிஆர் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிடும். நினைவாற்றல் ஆய்வில் இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி இதன் குறைகள். முதலாவது கத்தி. எலியின் ஸ்ட்ரையேட்டத்தை வெட்டும்போது ஓரத்தில் கொஞ்சம் குளோபஸ் பாலிடஸும், மேலே கொஞ்சம் கார்ப்பஸ் கலோசமும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு மாதிரியில் கூடவும் இன்னொன்றில் குறையவும் வந்தால், நொதி மாறியதாகத் தோன்றும் 20 சதவீத வேறுபாடு உண்மையில் கத்தியின் வேறுபாடு. இதற்கு என் பழக்கம் ஒன்று: ஒவ்வொரு மாதிரியிலும் வெள்ளைப்பொருளைக் காட்டும் எம்பிபி போன்ற ஒரு மரபணுவையும், பக்கத்துப் பகுதிக்கே உரிய இன்னொன்றையும் சேர்த்து அளப்பது. சோதனைத் தட்டில் இரண்டு குழி அதிகம், அவ்வளவுதான். ஆனால் அது எத்தனையோ தவறான முடிவுகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது, ஒப்பீட்டு மரபணு. ஜிஏபிடிஎச் அல்லது பீட்டா ஆக்டினை "எங்கும் சமம்" என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது வழக்கம். ஒரே பகுதியில் மருந்து கொடுத்த எலியையும் கொடுக்காத எலியையும் ஒப்பிடும்போது அது ஓரளவு சரி. சிறுமூளையையும் புறணியையும் ஒப்பிடும்போது சரியாகாது, ஏனெனில் செல் கலவையே வேறு. சிடி மதிப்பில் (நகல் கண்ணுக்குத் தெரிய எத்தனை பெருக்கல் சுற்று ஆனது என்ற எண்) ஒரு எண் வித்தியாசம் என்றால் இரண்டு மடங்கு. ஒப்பீட்டு மரபணுவே அரை எண் நகர்ந்தால் உங்கள் விடை எங்கே போகும் என்று யோசியுங்கள். 2009-இல் வெளியான, கியூபிசிஆருக்கான மிக்யூ வழிகாட்டுதல் ஒப்பீட்டு மரபணுவைச் சோதித்து நியாயப்படுத்தச் சொல்கிறது, ஒன்றுக்கு மேல் பயன்படுத்தவும் சொல்கிறது. பகுதிகளுக்கு இடையே ஒப்பிடுபவர் அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

எப்போது இது சிறந்தது: எந்தப் பகுதி என்று முன்பே தெரியும், எந்த மரபணு என்றும் தெரியும், "எவ்வளவு மாறியது" என்பது மட்டும் வேண்டும் என்றால்.

## திசு முழுவதையும் அரைத்து ஆர்என்ஏ சீக்வென்சிங்

கியூபிசிஆரின் எல்லாக் குறைகளும் இதற்கும் உண்டு. ஒப்பீட்டு மரபணுத் தொல்லை குறைவு. பதிலுக்குக் குடும்பம் முழுவதையும் ஒரே முறையில் பார்த்துவிடலாம். பிடிஇ10ஏ குறைந்தபோது அதன் இடத்தை நிரப்ப பிடிஇ1பியின் அளவு உயர்ந்ததா என்பது போன்ற கேள்விக்கு இதுதான் பொருத்தம். ஆழமாகப் படித்தால் வெட்டி ஒட்டிய வடிவங்களும் தெரியும்.

கவலை செல் கலவைதான். நோயுற்ற ஸ்ட்ரையேட்டத்தில் மீடியம் ஸ்பைனி நியூரான்கள் அழிந்து, கிளியா என்ற நியூரான் அல்லாத துணைச் செல்கள் பெருகியிருந்தால், மிச்சமிருக்கும் ஒவ்வொரு நியூரானிலும் நொதி துளியும் மாறாமலே, மொத்தக் கணக்கில் பாதியாகக் குறைந்து தெரியும். ஹன்டிங்டன் நோயில் இது வெறும் கற்பனைப் பிரச்சினை இல்லை. செல் குறைந்ததா, செல்லுக்குள் குறைந்ததா என்று மொத்தக் கூழ் சொல்லாது. எண்ணிக்கையில் குறைந்த செல்களின் குரலும் அதில் கேட்காது. நைட்ரிக் ஆக்சைடு உருவாக்கும் என்ஓஎஸ்1 நொதி, புறணியில் ஒரு சிறுபான்மை இடைநியூரான் கூட்டத்தில்தான் மிகச் செறிவாக இருக்கிறது. அவற்றில் என்ன நடந்தாலும் மற்ற செல்களின் இரைச்சலில் கரைந்துபோகும்.

எப்போது இது சிறந்தது: கையில் பல பத்து மாதிரிகள் இருந்து, மரபணு எது என்று இன்னும் முடிவாகாதபோது.

## ஒற்றை உட்கரு சீக்வென்சிங்

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலில், ஏன் ஒற்றை செல் என்று சொல்லாமல் ஒற்றை உட்கரு என்கிறேன்? முதிர்ந்த நியூரான்கள் கிளைகள் பின்னிப் பிணைந்தவை. உயிரோடு பிரித்தெடுப்பது கடினம். உறைந்த மனித மூளையில் அது முடியவே முடியாது. அதோடு, வெதுவெதுப்பான சூட்டில் நொதி போட்டுச் செல்களைப் பிரிக்கும் அந்த அரைமணி நேரத்திலேயே செல்கள் அதிர்ச்சியில் ஃபாஸ், ஜூன், டியூஸ்பி1 போன்ற மரபணுக்களை மளமளவென்று ஏற்றிவிடும். இதில் டியூஸ்பி1 என்பதே ஒரு சமிக்ஞை நொதி, மேப் கைனேஸ்களை அணைக்கும் பாஸ்படேஸ். அதை ஆராய்கிறவர் அளப்பது மூளையின் நிலையையா, தன் சோதனைக்குழாயின் நிலையையா? உறைந்த திசுவிலிருந்து உட்கருவை எடுத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது.

ஆனால் உட்கரு செல்லின் ஒரு சிறு பகுதிதானே! கேம்கே2ஏ இதற்கு நல்ல உதாரணம். கால்சியம் வரும்போது விழித்துக்கொண்டு சினாப்ஸை வலுப்படுத்தும் கைனேஸ். ஹிப்போகாம்பஸ் வெட்டில் இதன் எம்ஆர்என்ஏவைச் சாயமேற்றிப் பாருங்கள். சாதாரண மரபணுக்கள் செல் உடல்கள் அடுக்கப்பட்ட மெல்லிய பட்டையை மட்டும் காட்டும். கேம்கே2ஏ அந்தப் பட்டையையும் தாண்டி, நியூரானின் கிளைகளான டென்ட்ரைட்டுகள் பரவும் அடுக்கு முழுவதும் புகைபோலப் படர்ந்திருக்கும். அந்த எம்ஆர்என்ஏ டென்ட்ரைட்டுக்குள் போய் அங்கேயே புரதமாக மாறுகிறது. உட்கருவை மட்டும் எடுத்தால் இந்தப் புகை முழுவதையும் வடிகட்டி வெளியே கொட்டிவிடுகிறோம். டென்ட்ரைட்டுக்குப் போகும் பங்கு மாறியதா என்பது உங்கள் கேள்வியாக இருந்தால், எத்தனை லட்சம் உட்கருக்களைப் படித்தாலும் பதில் வராது.

கொட்டியது முழுவதும் வெளியேயும் போகாது. உடைந்த செல்களின் எம்ஆர்என்ஏ கரைசலில் மிதந்து, மற்ற உட்கருக்களோடு சேர்ந்து, அவற்றைத் தனித்தனியாக அடைக்கும் நுண்துளிகளுக்குள் புகுந்துகொள்ளும். அதனால் நியூரான்களில் ஏராளமாக இருக்கும் மரபணுக்கள் கிளியா செல்களிலும் லேசாக இருப்பதுபோலத் தோன்றும். "ஆலிகோடென்ட்ரோசைட்டிலும் கேம்கே2ஏ இருக்கிறது" என்று எழுதுவதற்கு முன் இந்த மிதக்கும் ஆர்என்ஏவைக் கழித்தீர்களா என்று பாருங்கள்.

இன்னும் மூன்று குறைகள் உண்டு. துளி முறை ஒவ்வொரு உட்கருவிலும் உள்ள எம்ஆர்என்ஏவில் ஒரு பங்கைத்தான் பிடிக்கிறது. குறைவாக வெளிப்படும் நொதிக்குப் பெரும்பாலான உட்கருக்களில் பூஜ்யம் வரும், அந்தப் பூஜ்யத்துக்கு "இல்லை" என்று பொருள் இல்லை. பரவலாகப் பயன்படும் வேதிமுறைகள் எம்ஆர்என்ஏவின் முடிவுப்பக்கத்தைத்தான் படிக்கின்றன. மேலே சொன்ன பிகேஎம்-ஸீட்டா கதை இங்கே அப்படியே பொருந்தும். மூன்றாவது புள்ளியியல் பிழை. மூன்று எலிகளிலிருந்து 30,000 உட்கருக்கள் எடுத்தாலும் மாதிரி எண்ணிக்கை மூன்றுதான். ஒவ்வொரு உட்கருவையும் தனி மாதிரியாக எண்ணினால் பி மதிப்பு அழகாகச் சிறுத்துவிடும், அதில் பெரும்பகுதி பொய்யாக இருக்கும். விலங்கு வாரியாகக் கூட்டி ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செல் அழிந்ததா, செல்லுக்குள் அளவு குறைந்ததா என்ற கேள்விக்கு இது தரும் தெளிவு மொத்தக் கூழிலிருந்து வராது. ஒரே ஸ்ட்ரையேட்டத்தில் டி1 வகை டோபமைன் ஏற்பி உள்ள மீடியம் ஸ்பைனி நியூரானையும் டி2 வகை உள்ளதையும் பிரித்து, இரண்டிலும் பாஸ்போடைஎஸ்டரேஸ் குடும்பம் முழுவதும் எப்படி நிற்கிறது என்று பார்க்கலாம்.

எப்போது இது சிறந்தது: எந்த வகைச் செல் என்பதே தெரியாதபோது, செல் கலவை மாறும் நோய்களில், தரவை அலசத் தெரிந்த ஒருவர் முதல் நாளிலிருந்தே கூட இருக்கும்போது. கடைசி நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## வெட்டில் நேரடியாக: இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன்

எனக்கு மனம் ஒட்டியது இந்த முறையில்தான், அதை மறைக்கப் போவதில்லை. 2012-இல் அறிமுகமான ஆர்என்ஏஸ்கோப் வகை முறைகளில் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ ஓர் எம்ஆர்என்ஏ மூலக்கூறு. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, நீல உட்கருவைச் சுற்றி சிவப்புப் புள்ளிகளை எண்ணும்போது, நம்முடைய மரபணு எங்கே வாழ்கிறது என்பதை எந்தக் கணினியும் இடையில் நிற்காமல் கண்ணால் பார்க்கிறோம்.

சிறுமூளையை எடுத்துக்கொள்வோம். புரதகைனேஸ் சி-காமா, அதாவது பிஆர்கேசிஜி, பர்கின்ஜி செல்களில் பொங்கி வழியும். இந்த மரபணு பழுதானால் 14-ஆம் வகை ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்ஸியா (அசைவுகளின் ஒருங்கிணைப்பு குலையும் நோய்) வருகிறது. மொத்தக் கூழில் கிரான்யூல் செல்கள் இதை அமுக்கிவிடும். ஒற்றை உட்கரு முறையிலும் பர்கின்ஜி உட்கரு ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் அகப்படும். வெட்டிலோ பெரிய செல்களின் ஒற்றை வரிசை பளிச்சென்று நிற்கும். அதே வரிசைக்குள் இன்னொரு அதிசயமும் உண்டு. பாஸ்போலைப்பேஸ் சி குடும்பத்தில் பீட்டா 3 சில பர்கின்ஜி செல்களிலும், பீட்டா 4 மற்றவற்றிலும் ஓங்கி, சிறுமூளை முழுவதும் மாறி மாறி வரிக்குதிரைக் கோடுகளாக ஓடும். அரைத்துவிட்டால் அந்தக் கோடுகள் போயே போய்விடும்.

செலவு வேறு வடிவில் வரும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு மரபணுக்கள், சிரமப்பட்டால் பன்னிரண்டு. எண்ணுவதற்குப் படப் பகுப்பாய்வு வேண்டும். புள்ளிகள் மிக நெருங்கினால் எண்ணவே முடியாது. கேம்கே2ஏ போன்றவற்றில் இது தினசரித் தலைவலி. முதிர்ந்த மனித மூளையில் லிப்போஃபஸ்சின் என்ற நிறமி தானாகவே ஒளிர்ந்து புள்ளிகள்போல நடிக்கும். அதனால் பாக்டீரியாவின் டாப்பி மரபணுவுக்கான எதிர்மறைக் கட்டுப்பாட்டையும், பிபிஐபி போன்ற நேர்மறைக் கட்டுப்பாட்டையும் ஒவ்வொரு தொகுதியிலும் வைத்தே ஆக வேண்டும். ஒரு ஸ்லைடை மிச்சப்படுத்தலாம் என்று எதிர்மறைக் கட்டுப்பாட்டைத் தவிர்த்த ஒரு முறை, மூன்று வார எண்ணிக்கையையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. நான் எண்ணியது பாதிக்கு மேல் நிறமியை.

வழக்கமான புரோப் ஏறத்தாழ ஆயிரம் எழுத்து நீளத்தைப் பிடிக்கும் என்பதால் வெட்டி ஒட்டிய வடிவங்களைப் பிரிக்காது. அதற்கென்று குட்டைப் புரோப் முறை தனியாக உண்டு.

எப்போது இது சிறந்தது: மரபணு தெரியும், எந்தச் செல்லில் என்று உறுதிப்படுத்த வேண்டும் என்றால். மற்ற எந்த முறையில் தொடங்கினாலும் கடைசியில் இங்கே வந்து ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

## இடஞ்சார் டிரான்ஸ்கிரிப்டோமிக்ஸ்

இதில் இரண்டு வகை. விசியம் போன்றவை வெட்டின் கீழே பார்கோடு புள்ளிகளை வைத்து எல்லா மரபணுக்களையும் பிடிக்கின்றன. முதல் தலைமுறை விசியத்தில் ஒரு புள்ளியின் விட்டம் 55 மைக்ரோமீட்டர், புள்ளிக்கும் புள்ளிக்கும் மையத்திலிருந்து 100 மைக்ரோமீட்டர். புறணியின் அடுக்குகளைப் பிரிக்க இது போதும். பர்கின்ஜி வரிசைக்குப் போதாது: ஒரு புள்ளிக்குள் பர்கின்ஜி, பெர்க்மன் கிளியா, கிரான்யூல் எல்லாம் கலந்துவிடும். அதற்கடுத்து வந்த 2 மைக்ரோமீட்டர் சதுரங்கள் கொண்ட பதிப்பு இதை மேம்படுத்துகிறது, ஆனால் ஒவ்வொரு சதுரத்திலும் கிடைக்கும் மூலக்கூறுகள் சொற்பம்.

மெர்ஃபிஷ் போன்ற இரண்டாவது வகை தனி மூலக்கூறுகளைப் படமாகவே எடுக்கிறது. ஆனால் மரபணுப் பட்டியலை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஆயத்தப் பட்டியலை வாங்கும்போது உங்கள் நொதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். செல் வகையைக் காட்டும் அடையாள மரபணுக்கள்தான் அவற்றில் நிறைந்திருக்கும். 21 பாஸ்போடைஎஸ்டரேஸ்களில் இரண்டு மூன்று இருந்தாலே அதிகம்.

ஒரு குழுவில் இதை முதல் சோதனையாக வைப்பது எனக்கு உடன்பாடில்லை. வெட்டுகளின் எண்ணிக்கை குறைவாகத்தான் முடியும், அதனால் மாதிரி எண்ணிக்கையும் குறையும். எங்கே வெட்டுவது என்பதை அட்லஸும் சாதாரண இன் சிட்டு முறையும் சொன்ன பிறகு வந்தால் ஒவ்வொரு வெட்டும் பயன்படும்.

## புரதத்தையே அளப்பது

தலைப்பு மரபணு வெளிப்பாடு பற்றியது என்றாலும், நொதி என்று வந்துவிட்டால் இதை ஒதுக்க முடியாது. வேலை செய்வது புரதம்தான். ஆக்ஸான் முனையில் மருந்து தடுக்கப் போவது பிடிஇ10ஏ புரதத்தை; எம்ஆர்என்ஏ வரைபடம் மட்டும் பார்த்தவர் பாலிடஸைக் கணக்கிலேயே எடுத்திருக்க மாட்டார். பிடிஇ10ஏவுக்கு உயிருள்ள மனிதரில் பெட் ஸ்கேனில் பார்க்கும் கதிரியக்கத் தடங்காட்டிகளும் உருவாகிவிட்டன. ஹன்டிங்டன் மரபணு உள்ளவர்களில் அறிகுறி தொடங்கும் முன்பே அளவு குறைவது அதில்தான் தெரிந்தது.

ஆன்டிபாடியை நம்புவதற்கு முன் அந்த மரபணு முடக்கப்பட்ட நாக்அவுட் விலங்கின் திசுவில் அது மௌனமாக இருக்கிறதா என்று பாருங்கள். உறவுக்கார நொதிகள் நிறைந்த குடும்பத்தில் இது தவிர்க்க முடியாத படி. பாஸ்பேட் ஏறிய நிலையை அளப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே அது மாறிவிடும், கேம்கே2 புரதமே இடம் பெயர்ந்துவிடும். மனிதப் பிரேத மூளையில் எம்ஆர்என்ஏ ஓரளவு தாக்குப்பிடிக்கும், பாஸ்பேட் நிலை தாக்குப்பிடிக்காது.

## ஒரே பார்வையில்

| முறை | நன்றாகச் சொல்வது | கண் தெரியாத இடம் | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|
| அட்லஸ் | இயல்பு மூளையில் எங்கே | நோய், வயது, பாலினம் | மாதிரிகள் எப்படி எடுக்கப்பட்டன என்று படிக்கும் நேரம் |
| கியூபிசிஆர் | எத்தனை மடங்கு, எந்த வடிவம் | செல் வகை | ஒப்பீட்டு மரபணுச் சோதனை |
| மொத்த சீக்வென்சிங் | குடும்பம் முழுவதும் | சிறுபான்மைச் செல்கள் | செல் கலவைத் திருத்தம் |
| ஒற்றை உட்கரு | எந்தச் செல் வகை | டென்ட்ரைட், வடிவங்கள் | மாதக்கணக்கில் அலசல் |
| இன் சிட்டு | சரியான இடம் | மற்ற மரபணுக்கள் | எண்ணும் உழைப்பு |
| இடஞ்சார் | பல மரபணு, இடத்தோடு | விசியத்தில் தனிச்செல், மெர்ஃபிஷில் பட்டியலுக்கு வெளியே | குறைந்த மாதிரி எண்ணிக்கை |
| புரதம் | நொதி இருக்கும் இடம் | எங்கே உருவானது | ஆன்டிபாடிச் சரிபார்ப்பு |

## உங்கள் நிலை எது?

முதுகலை மாணவர், ஒரு மரபணு, ஒரு மருந்து, ஓராண்டு என்றால்: அட்லஸ், கியூபிசிஆர், அப்புறம் ஒரே ஒரு பகுதியில் இன் சிட்டு. ஒற்றை உட்கரு பக்கம் போகவே வேண்டாம்.

நோயுற்ற மனித மூளை, நியூரான் இழப்பு உறுதி என்றால்: ஒற்றை உட்கரு. ஆனால் கொடையாளர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒருவரிடமிருந்து எடுக்கும் உட்கரு எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை.

ஒரு நொதி மருந்துக்கு இலக்காகுமா என்று பார்க்கிறீர்கள் என்றால்: எம்ஆர்என்ஏவோடு நிற்காதீர்கள். நியூரான் எங்கே போய் முடிகிறதோ அங்கே புரதத்தைத் தேடுங்கள்.

சினாப்ஸ், நினைவு, டென்ட்ரைட்டில் நடக்கும் புரத உருவாக்கம் என்றால்: வெட்டு, வெட்டு, வெட்டு. உட்கரு வேண்டாம்.

இன்னும் எதுவும் முடிவாகாமல், நாளை காலை விலங்குகளின் மூளையை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு: மூளையை நடுவில் இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதிகளையும் உடனே உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் தனித்தனியாக வையுங்கள். எந்தப் பாதி வலம், எந்தப் பாதி இடம், எத்தனை மணிக்கு எடுத்தது என்று குழாயின் மேலேயே எழுதுங்கள். ஒரு பாதியைக் கியூபிசிஆருக்கோ உட்கருவுக்கோ வெட்டிக்கொள்ளலாம். மற்ற பாதி, உறைந்த திசுவை மெல்லியதாக வெட்டும் கிரையோஸ்டாட் வெட்டுக்கு அப்படியே காத்திருக்கும்.